நானூற்று எழுபத்து மூன்று

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் சர்க்கரை பார்த்தேன்: 138. இரண்டு இட்லி. மாடித் தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கீழே ஷெட்டில் கியர்பாக்ஸ் வெடித்தது.

நான் இறங்கிப் போனபோது மாப்பிள்ளை கிருபாகரின் சிவப்புக் கார், உருளைகளின் மேல் சங்கிலியால் கட்டியபடியே புகைந்துகொண்டிருந்தது. அந்த மேடையை டைனோ என்பார்கள். காரை நகரவிடாமல் கட்டிவைத்து, சக்கரத்தை மட்டும் ஓடவிட்டு, எஞ்சினின் பலத்தை அளக்கும் இயந்திரம். தரை முழுவதும் எண்ணெய். கியர்பாக்ஸின் அலுமினிய உறையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. தெறித்த ஒரு கியர்ப் பல் செபாஸ்டினின் காதோரம் போய் எதிர்ச்சுவரில் புதைந்திருந்தது.

செபாஸ்டின் இங்கே தலைமை மெக்கானிக். தப்பித்தோம் என்று அவர் சிலுவைக்குறி போடுவதற்குள் மாப்பிள்ளை காரை விட்டு இறங்கி, கையில் அகப்பட்ட வீல் ஸ்பேனரால் அவர் முகத்தில் அடித்தார். பெரிய சத்தம் கேட்கும் என்று நினைத்தேன். ஈரத்துணி தரையில் விழுந்தாற்போலத்தான் இருந்தது. புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. ஆயிலைத் தப்பாக ஊற்றியதால்தான் உடைந்ததாம்.

உடைந்த பற்களைத் துடைத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நாள்பட்ட விரிசலாக இருந்தால் முறிவில் அலையலையாக வரிகள் தெரியும். இதில் வரியே இல்லை. ஒரே அடியில் போயிருக்கிறது. ஐந்தாவது கியருக்குப் போக வேண்டிய கை மூன்றாவதில் போட்டால் இப்படித்தான் உடையும். அந்தக் கை மாப்பிள்ளையுடையது.

"ஆயில்தானுங்களே மாமா?" என்று கேட்டார்.

உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். பொறியியல் கல்லூரியில் இயந்திர வடிவமைப்புப் பாடம் நடத்தியே ஓய்வு பெற்றவன் நான்.

பிப்ரவரி 5, புதன்

காது டாக்டரிடம் போய்க் காது கேட்கும் கருவிக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளை இன்னொரு பெரிய காரின் கியர்பாக்ஸ் வாங்கி வந்திருக்கிறார். உள்ளே பீளமேட்டில் புதிதாக வெட்டிய கியர்களைப் போடப்போகிறார். கேள்வி இதுதான்: எஞ்சினுக்குள் காற்றைத் திணித்துத் திணித்து எழுநூறு நியூட்டன் மீட்டர் டார்க் வரை கொண்டுபோகலாம், கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும்? வருகிறவர்கள் எல்லோரும் குதிரைசக்தி, குதிரைசக்தி என்றே பேசுகிறார்கள். பல்லை உடைப்பது குதிரைசக்தி அல்ல. டார்க், அதாவது அச்சைத் திருகும் விசை. எதுவரை திருகலாம் என்ற எண்ணை நான் சொல்ல வேண்டும். முந்தைய இரண்டு கார்களுக்கும் நான்தான் சொன்னேன்.

கணக்கில் வந்த எண்ணை அப்படியே சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இரும்பில் ஒரு குறை இருக்கலாம், சூடேற்றியதில் ஒரு குறை இருக்கலாம், என்னிடமே ஒரு குறை இருக்கலாம். ஆகவே மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, மீதியையும் சற்றுக் குறைத்துச் சைபரில் முடித்துச் சொல்வேன். இது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். முதல் காருக்கு நான் இருநூற்றறுபது என்றேன். மாப்பிள்ளை ஒன்றரையால் பெருக்கி முந்நூற்றுத் தொண்ணூறு வைத்தார். தாங்கியது. இரண்டாவதும் அப்படியே. அன்றிலிருந்து அது இங்கே சட்டம். செபாஸ்டின் சுவரில் சாக்பீஸால் எழுதியே வைத்திருக்கிறார்: 'சார் × 1½'.

"மாமா சாம்பாருக்கே உப்பு பாதிதான் போடுவாருங்க. மிச்சத்த நாமதான் சேத்துக்கோணும்" என்று மாப்பிள்ளை வந்தவர்களிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் கீழே, வீட்டுக்குள், சத்தம். பாத்திரம் விழுந்தது. பிறகு பாத்திரம் இல்லாத ஒன்று விழுந்தது. கருவியைக் கழற்றி வைத்தேன். புது பேட்டரி, வீணாக வேண்டாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கியர் வெட்டியவர்களிடமிருந்து அதே கம்பியில் ஒரு துண்டு வாங்கி, பழைய மாணவர் ஒருவரின் சோதனைக்கூடத்தில் கடினத்தன்மை பார்த்தேன். மேல்தோல் நன்றாக இறுகியிருக்கிறது. உள்ளே நினைத்ததைவிட மென்மை. மூன்றாவது கியர்தான் பலவீனம். அதன் பல்லின் அடியில்தான் முதலில் முறியும். இரண்டு வழிகளில் கணக்குப் போட்டேன். இரண்டிலும் 473 வந்தது.

மகள் கோகிலா டீ கொண்டுவந்தாள். பள்ளியில் படிக்கிற நாளிலேயே நான் திருத்திய விடைத்தாள்களின் மதிப்பெண்களைக் கூட்டிச் சரிபார்த்துக் கொடுப்பாள். தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ முந்நூத்திப் பத்துன்னு சொல்லப்போறீங்க" என்றாள். சரியாகச் சொல்லிவிட்டாள். இந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். கேட்டதற்குக் கொசு என்றாள். இந்த வருடம் கொசு அதிகம்தான்.

கணக்கை இன்னொரு தரம் சரிபார்த்துவிட்டு முந்நூற்றுப் பத்து என்று சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் கோகிலாவைக் காரில் ஏற்றிக்கொண்டு பைபாஸுக்குப் போவார். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே வேகம் ஆகாது. பொருட்காட்சி ராட்டினத்துக்கே அழுவாள். இது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இங்கே எழுதியதில்லை.

இன்று எதற்கு என்று தெரியவில்லை. கல்லூரித் தோழி யாரோ போனில் பேசினாளாம். மத்தியானம் கிளம்பினார்கள். திரும்பி வந்தபோது அவர் இறங்கிவிட்டார், அவள் இறங்கவில்லை. கதவைத் திறந்து பார்த்தேன். பெல்ட்டைப் போடவிடாமல் உட்காரவைத்து, முழு வேகத்தில் போய்ப் பிரேக் அடித்திருக்கிறார். ஒருமுறை அல்ல. முகம் டேஷ்போர்டில் மோதி மேலுதடு கிழிந்து இரண்டாகத் தொங்கியது. முன்பல் ஒன்று மடியில் கிடந்தது. பயத்தில் சீட்டை நனைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். முதலில் சீட்டைக் கழுவட்டும் என்றார் மாப்பிள்ளை, கறை பிடித்துவிடுமாம். என்னைத் தண்ணீர்க் குழாயைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அவள் மண்டியிட்டுத் தேய்த்தாள். வாயிலிருந்து இரத்தம் சொட்டிச் சொட்டி, கழுவிய இடமே மறுபடி அழுக்கானது.

"கொஞ்சம் இந்தப் பக்கம் புடிங்கப்பா" என்றாள்.

இந்தப் பக்கம் பிடித்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

மாப்பிள்ளை எண் கேட்டார். தாளில் 473 என்று எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

கணக்கை மறுபடி போட்டேன். 473 சரி. பொய் ஒன்றும் சொல்லவில்லை. இதுவரை சொன்ன எண்கள்தான் ஒரு வகையில் பொய். யார் கேட்டாலும் தாள்களைக் காட்டலாம். யாரையும் எதாலும் பெருக்கச் சொல்லி நான் சொல்லவில்லை.

காலையில் ஷெட்டில் அந்தத் தாள் கைக்குக் கை போனது. செபாஸ்டின் ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி போனில் பெருக்கினார். எழுநூற்றொன்பது வந்தது. மாப்பிள்ளை என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மாமாவே நானூத்தி எழுவத்தி மூணுங்கறாருன்னா, எழுநூற கண்ண மூடிட்டு வெக்கலாம்டா." அவர் கை கனமான கை. தோள் இன்னும் வலிக்கிறது.

கோகிலா எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். உதட்டில் தையல் போட்டிருப்பதால் பேச மாட்டாள். தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

சர்க்கரை 171. ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

கியர்பாக்ஸ் ஏற்றியாயிற்று. இந்தக் காரில் அது இரண்டு சீட்டுக்கும் நடுவில், மெல்லிய தகட்டுக்கு அடியில் இருக்கிறது. ஓட்டுபவரின் இடது முழங்காலும் பக்கத்தில் இருப்பவரின் வலது முழங்காலும் அதிலிருந்து ஒரு சாண். டேஷ்போர்டில் சிவப்புக் குமிழ் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒன்றில் வைத்தால் முந்நூறு, இரண்டில் நானூறு, மூன்றில் எழுநூறு. டைனோவில் இரண்டு வரை ஓட்டிப் பார்த்தார்கள். தைத்த துணிபோலச் சீராக ஓடியது. மூன்றையும் பார்த்துவிடலாம் என்றார் செபாஸ்டின். மாப்பிள்ளை மறுத்துவிட்டார். முதல் முழு ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை, மூடிப்போன ஆலை ஒன்றின் பழைய விமான ஓடுபாதையில், கேமராவுக்கு முன்னால்தான் நடக்க வேண்டுமாம்.

இப்படிப்பட்ட ஓட்டங்களில் செபாஸ்டின்தான் லேப்டாப்போடு இடது சீட்டில் உட்காருவார். அவருக்கு இரண்டு பெண்கள், பெரியவள் இந்த வருடம் பத்தாவது. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் உட்கார வேண்டாம், கண் புண் ஆறட்டும், அதிர்வு ஆகாது என்று சொன்னேன்.

"கண்ணுக்குத்தான் சொல்றீங்களா சார்?"

கண்ணுக்குத்தான் என்றேன். என்னைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

மத்தியானம் நகம் வெட்டினேன். துணி இஸ்திரி போட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி



சாப்பிடும்போது மாப்பிள்ளை சொன்னார். "செபா உக்கார மாட்டேங்கறான். கண்ணு நோவுதாம். லேப்டாப்ப கோகிலா புடிச்சுக்குவா. வீடியோவுக்கும் நல்லா இருக்கும், என்ற பொண்டாட்டி பயந்துட்டுக் கத்தறது."

அந்தச் சீட்டை நான்தான் காலி செய்திருக்கிறேன்.

பிறகு பேசினேன். எழுபத்து நான்கு வயதில் இந்த வீட்டில் முதன்முறையாக நானாக வாயைத் திறந்தேன். அந்த எண்ணில் எதையும் கழிக்கவில்லை, அதுதான் எல்லை, எழுநூறு போனால் கியர்பாக்ஸ் காலடியில் வெடிக்கும், வேண்டாம் என்றேன். குரல் கிறீச்சென்று போனது.

அவர் கோபிக்கவில்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னை அன்பாகப் பார்த்தார். "நாள் நெருங்குச்சுன்னா மாமாவுக்கு வயித்தக் கலக்கும். போன தடவையும் இதேதானுங்களே? ரெண்டு நாள் முன்னாடி வந்து எரநூத்திச் சொச்சம் வெக்கலாமான்னு கேட்டீங்க."

கேட்டேன். உண்மை. ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறேன்.

தாள்களைக் கொண்டுவந்து காட்டினேன். ஷெட் ஆட்களைக் கூப்பிட்டு அவர்களிடமும் காட்டினார். ஒருவன் சுவரில் இருந்த சாக்பீஸ் எழுத்தைக் காட்டினான். சிரிப்பு. வண்டி பார்க்க வந்த வெளியூர்க்காரர்கூடச் சிரித்தார். இன்னும் வற்புறுத்தினபோது மாப்பிள்ளை எழுந்து வந்து என் கன்னத்தை இரண்டு விரலால் பிடித்து, குழந்தைக்குச் செய்வதுபோல, ஆனால் கண்ணில் நீர் வரும்வரை, திருகினார். போய்ப் படுக்கச் சொன்னார்.

கோகிலா பின்னாலேயே மாடிக்கு வந்தாள். உட்காராதே கண்ணு, உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள் என்றேன். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். தையலால் மெதுவாகத்தான் பேசினாள்.

"நான் உக்கார்றேம்ப்பா. நான் உக்காரலைன்னா நல்லா இருக்காது."

எது நல்லா இருக்காது என்று கேட்டேன். பனியன்களை அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு நான் சொன்னது புரியவில்லை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 22, சனி

கறிவேப்பிலைக்குத் தண்ணீர். வண்டி இன்னும் உருளைகளின் மேல்தான் கட்டியிருக்கிறது. நாளைக் காலையில் அவிழ்த்து டிரக்கில் ஏற்றுவார்களாம். அந்த வண்டியில் மூன்றாவது கியர் எந்தப் பக்கம் விழும் என்று செபாஸ்டினிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மார்ச் 2, ஞாயிறு. ஆஸ்பத்திரி

வலது முன்கையில் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். இடது கையால் எழுதுகிறேன். மெதுவாக வருகிறது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

போன ஞாயிறு காலை. கேமராக்காரர்கள் வந்து முற்றத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கோகிலாவுக்குச் சிவப்புச் சேலை கட்டி விட்டிருந்தார்கள். சாவி வண்டியிலேயே இருந்தது. நான் போய் உட்கார்ந்து பெல்ட் போட்டேன். என் சொந்தக் காரை நாற்பதுக்கு மேல் நான் ஓட்டியதில்லை. ஸ்டார்ட் செய்தேன். மூன்றாவது கியர். சிவப்புக் குமிழை மூன்றுக்குத் திருகினேன்.

சோதனைக்கூடத்தில் ஒரு கம்பியை இழுத்துப் பார்ப்பதுபோலத்தான் மிதித்தேன். மெதுவாக, விடாமல். திரையில் முந்நூறு. நானூறு. வண்டி சங்கிலியை இழுத்துக்கொண்டு உறுமியது. யாரோ கத்தினார்கள். கோகிலா வாசலில் நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. நானூற்றைம்பது. கணக்கு தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு பயம் வந்தது. வேறு பயம் வரவில்லை. அதுதான் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. காலை எடுக்காமல் மிதித்தேன்.

சத்தம் எனக்கு நினைவில்லை. நடுத்தகடு தகர டப்பா மூடிபோலக் கிழிந்து மேலே வந்தது. அலுமினியத் துண்டு ஒன்று முழங்காலுக்குக் கீழே ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து கதவில் அடித்தது. செருப்போடு என் பாதம் எனக்கு எதிர்த்திசையில் திரும்பிக் கிடந்தது. கொதிக்கிற எண்ணெய் தொடையில் கொட்டியது. தீப்பிடித்தது.

கிருபாகர் ஓடிவந்து கதவைத் திறந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். கால் தகட்டில் மாட்டியிருந்ததால் வரவில்லை. அதே வீல் ஸ்பேனரை எடுத்தான். முதல் அடி தாடையில். தடுக்கத் தூக்கிய கையில் அடுத்தது. பிறகு கழுத்தெலும்பு. மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. ஒவ்வோர் அடிக்கும், மூச்சு வாங்க, "ஏனுங்க மாமா? ஏனுங்க மாமா?" என்று கேட்டுக்கொண்டே அடித்தான். பதில் சொல்லலாம் என்றால் தாடை அசையவில்லை.

வண்டியை ஏற்றிவிட வந்திருந்த செபாஸ்டின் தீயணைக்கும் உருளையோடு ஓடிவந்தார். முதலில் தீயை அணைத்தார். எப்போதும் ஒழுங்கான மனிதர். பிறகு காலியான உருளையை இரண்டு கைகளாலும் தூக்கி, ஸ்பேனர் பிடித்திருந்த கையின் முழங்கையில் இறக்கினார். அந்தக் கை பின்பக்கமாக மடங்கியது. அந்தச் சத்தம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பச்சை மூங்கில் முறிவதுபோல.

கேமராக்காரர்கள் எதையும் நிறுத்தவில்லை. முழுவதும் பதிவாகியிருக்கிறது. அதை வைத்துத்தான் போலீஸ் அவனைப் பிடித்தது. முழங்கைக்கு ஆபரேஷன் முடிந்து, இங்கிருந்து நேரே சிறைக்கு அழைத்துப் போனார்களாம்.

என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

செபாஸ்டின் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். டைனோவின் பதிவைப் பார்த்தாராம். உடைந்தபோது 476.

மூன்று கூடுதல். பழக்கம் என்னை முழுவதும் விடவில்லை போலிருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

சர்க்கரை 129. காலை இட்லியைக் கூழாக்கிக் கொடுத்தார்கள்.

கோகிலா மத்தியானம் வந்தாள். வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். ஷெட்டைப் பூட்டிச் சாவியைப் போலீஸ் வைத்திருக்கிறது. வீட்டிலிருந்து அவள் எடுத்துக்கொண்டது இரண்டு பைகளும் என் கறிவேப்பிலைத் தொட்டியும். தையல் பிரித்தாயிற்று. உதட்டில் தழும்பு நிற்கும்.

கட்டிலோரம் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்தாள். நான் அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று நாலு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணைப் பற்றி. எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பேசினாள்.

"நீங்க எழுதிக் குடுத்தப்பவே எனக்குத் தெரியும்ப்பா. சைபர்ல முடிக்காம நீங்க ஒரு நம்பர் சொல்லி நான் பாத்ததே இல்ல."

அறையில் பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். தெரிந்தும் ஏன் அந்தச் சீட்டில் உட்காருகிறேன் என்று சொன்னாய் என்று கேட்டேன். தாடைக் கட்டுக்குள்ளிருந்து என் பேச்சு யாருக்கும் விளங்குவதில்லை. அவளுக்கு விளங்கியது.

ஒரு சுளையின் தோலைப் பிரித்து, கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"பக்கத்துல நான் பயந்துட்டு உக்காந்திருந்தாத்தான் அவரு முழுசா மிதிப்பாரு."

கருவி காதில்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

சொன்னாள்.